படுத்து வந்த ஃபிரிட்ஜ்

என்னை என் வாழ்நாளில் ஒருத்தன்தான் ஏமாற்றியிருக்கிறான். காரிமங்கலம் சந்தையில், எனக்குப் பத்தொன்பது வயசில், ஒரு மயிலைக் காளையை என் தலையில் கட்டினான். பல்லைப் பார்த்தேன், சுழி பார்த்தேன், வாலைத் தூக்கிப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். மாட்டைக் கையில் கொடுக்கும்போது அந்த ஆள் என் முதுகில் தட்டிச் சொன்னான்: "தம்பி, மாடு தூரம் நடந்து களைச்சிருக்குது. இன்னிக்கே ஏர்ல பூட்டிடாதே. ஒரு நாள் கட்டிப் போட்டுத் தீனி வச்சிட்டு அப்புறமாப் பூட்டு." எவ்வளவு நல்ல மனுசன் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். ஒரு நாள் கழித்துப் பூட்டினால், நுகத்தடி கழுத்தில் பட்டதும் காளை காலை மடக்கிப் படுத்துக்கொண்டது. வாலைக் கடித்தும் எழுந்திருக்கவில்லை. படுக்கை மாடு. அடுத்த வாரம் சந்தைக்கு ஓடினேன். அந்த ஆள் எந்த ஊர்க்காரன் என்று சொல்லக்கூட நாதி இல்லை.

அந்த ஒரு நாள் எதுக்கு என்று அன்றைக்குத்தான் விளங்கியது. மாடு களைப்பாறுவதற்கு இல்லை. விற்றவன் ஊர் போய்ச் சேர்வதற்கு.

அதற்குப் பிறகு என்னை ஏமாற்றியவன் கிடையாது. மூணாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மொரப்பூர் ஸ்டேஷனில் மூட்டை தூக்கினேன். பிறகு புளி வாங்கி விற்றேன். பிறகு சொந்தமாகக் கிடங்கு, சொந்தமாக ஒரு லாரி. படித்தவன் பத்துப் பேர் சேர்ந்து செய்ய முடியாததைத் தனி ஆளாகச் செய்தேன். எப்படி? யாரையும் நம்பாமல் இருந்தேன், அவ்வளவுதான். கொட்டை எடுத்த புளி என்று ஒருத்தன் சொன்னால் மூட்டைக்குள் குத்தூசியை விட்டு அடியிலிருந்து இழுத்துப் பார்ப்பேன். மேலே நல்ல சரக்கு இருந்தால் அடியில் கல் இருக்கிறது என்று அர்த்தம்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், ஓசூரில் என் மகள் குடித்தனம் வைத்த கதையைச் சொல்வதற்கு முன்னால் என் கை எப்படிப்பட்ட கை என்று தெரிய வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. ஓசூர் அப்போது எங்கள் தர்மபுரி மாவட்டம்தான். ஆனால் எனக்கு அது வெளிநாடு. ஒரு பக்கம் தெலுங்கு, ஒரு பக்கம் கன்னடம், தொழிற்சாலைகளில் இந்தி, இங்கிலீஷ். வீட்டு மேல் வீடு, அதற்கு மேல் இன்னொரு வீடு என்று அடுக்கி, அதற்கு ஃபிளாட்டு என்று பேர். என் மருமகன் டிப்ளமா படித்தவர், அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. கல்யாணம் ஆகி என் மகள் ஆறு மாசம் மாமியார் வீட்டில் இருந்தாள். அதற்குப் பிறகு ஓசூரில் இரண்டாவது மாடியில் ஒரு ஃபிளாட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். சாமான் வாங்கித் தருவது பெண் வீட்டுக்காரன் கடமை. நான் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அப்போது மருமகன் வீட்டுக்கு வந்து சொன்னார்:

"மாமா, எங்க ஆபீசர் குடும்பத்தோட வெளிநாடு போறார். அங்கயே வேலை. வூட்டுச் சாமானெல்லாம் வித்துட்டுப் போறார். ஃபிரிட்ஜ் இருக்குது, ரெண்டு ஃபேன் இருக்குது, இஸ்திரிப் பெட்டி இருக்குது. நல்ல பொருளுங்க."

"எதுக்கு விக்கிறாரு?"

"போறாருங்க மாமா. தூக்கிக்கிட்டா போவ முடியும்?"

"போறதுக்காக விக்கிறாரா, விக்கிறதுக்காகப் போறாரா?"

மருமகன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார்.

"மாமா, ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். பாருங்க, பேசுங்க, புடிக்கலைன்னா வேணாம்னு வந்துடுங்க. அவர்கிட்ட வாய் மட்டும் வுட்டுடாதீங்க. எனக்குப் பயிற்சிக் காலம் இந்த மாசத்தோட முடியுது. வேலை நிரந்தரம் ஆவறதும், வூட்டுக்குப் போன்னு சொல்றதும் அவர் எழுதற ஒரு கடுதாசியிலதான் இருக்குது. போறதுக்கு முன்னாடி எழுதணும். இன்னும் எழுதலை."

சரி என்றேன். ஆனால் என் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. இவர் எதிர்த்துக் கேட்க முடியாத ஆள். கேட்க முடியாதவனிடம்தான் சொத்தைப் பொருளைத் தள்ளுவார்கள். அந்த அதிகாரி ஆளைப் பார்த்துத்தான் வலை விரித்திருக்கிறார்.

வியாழக்கிழமை லாரியை எடுத்துக்கொண்டு ஓசூர் போனேன். லாரி ஓட்டுகிறவர் ஒரு பாய், தர்மபுரிக்காரர். என்னிடம் பதினோரு வருஷமாக இருந்தார். அவரையும் நான் முழுசாக நம்பியதில்லை. அது அவருக்கும் தெரியும்.

அதிகாரி வீடு முழுக்க அட்டைப்பெட்டியும் சணல் கயிறுமாகக் கிடந்தது. அவர் பனியனோடு நின்று பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஒரு மிக்ஸியைப் பழைய புடவையில் குழந்தையைச் சுற்றுவது போலச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இதை மட்டும் விக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்ங்க," என்று அந்தம்மா சிரித்தார். "அங்க போயி இட்லிக்கு மாவு அரைக்கணுமில்ல?"

"அங்க நாங்களும் இதே வேலைதான் பண்ணப் போறோம்," என்றார் அதிகாரி. "வெறும் ஃபிளாட்டு. யாராவது காலி பண்ணிட்டுப் போறவங்ககிட்ட பழைய சாமான் வாங்கித்தான் குடித்தனம் நடத்தணும்."

"நம்மளை என்னென்ன சொல்லி ஏமாத்தப் போறாங்களோ!" என்றார் அந்தம்மா.

நான் அந்தப் பேச்சைக் குறித்து வைத்துக்கொண்டேன். ஏமாற்றுவது எப்படி என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்தப் பயம் வரும்.

ஃபேன் இறக்கையைச் சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டேன். இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணச் சொல்லி எச்சில் தொட்டுப் பார்த்தேன். அப்புறம் ஃபிரிட்ஜ். வெள்ளைக்காரன் போல நின்றது. வெளிநாட்டில் செய்த பெட்டி, அவருடைய மாமனார் கொடுத்தது என்றார். தேங்காயைத் தட்டுவது போல நாலு பக்கமும் தட்டினேன். கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டேன். சில்லென்று இருந்தது. முதுகுப் பக்கம் போய்ப் பார்த்தேன். ஆறு திருகாணி. ஐந்து கறுத்துப் போயிருந்தது. ஒன்று மட்டும் புத்தம் புதுசாக மின்னியது.

"இது எதுக்குப் புதுசு?"

"பழசு தொலைஞ்சு போச்சு," என்றார்.

தொலைந்து போச்சாம். கழற்றாமல் திருகாணி எப்படித் தொலையும்? நான் எதுவும் சொல்லவில்லை. மருமகனுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே.

விலை பேசும்போது சந்தை வழக்கப்படி தோளில் இருந்த துண்டைக் கையில் போட்டு, அதற்கடியில் கையை நீட்டினேன். விரலைப் பிடித்துத்தான் நான் விலை பேசிப் பழக்கம். அவர் துண்டோடு சேர்த்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, "ரொம்ப சந்தோஷம்" என்றார். பாய் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் வாயால்தான் கேட்டேன். நான் கேட்ட விலைக்கு மறுபேச்சு இல்லாமல் சரி என்றார். மறுபேச்சு பேசாமல் ஒத்துக்கொள்கிறவனைப் போலச் சந்தேகப்பட வேண்டிய ஆள் உலகத்தில் கிடையாது.

அப்போதுதான் சொன்னார்:

"ஒரு விஷயம். ஃபிரிட்ஜை நிக்க வச்சேதான் கொண்டு போகணும். படுக்க வைக்கக் கூடாது. அங்கே போய் எறக்கினதும் உடனே போட்டுடாதீங்க. ஒரு நாள் சும்மா நிக்க விட்டுட்டு அப்புறம் போடுங்க."

என் பிடரி மயிர் நட்டுக்கொண்டது.

"ஏன் ஒரு நாள்?"

"உள்ள மோட்டார்ல எண்ணெய் இருக்கு. சாஞ்சா குழாய்க்குள்ள ஏறிடும். நிக்க விட்டா எறங்கிடும்."

"எண்ணெயா? குளுரு வக்கிற பெட்டியில எண்ணெய் எதுக்கு? செக்கா ஓட்டுறாங்க?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "நீங்க என்னிக்குக் கெளம்புறீங்க?" என்று கேட்டேன்.

"சனிக்கிழமை காலையில."

எல்லாம் புரிந்துவிட்டது. காளை விற்ற ஆளுக்கு வேட்டி. இவருக்குப் பேன்ட். வார்த்தை ஒன்றுதான். இன்றைக்குப் பூட்டாதே, ஒரு நாள் கட்டிப் போடு. நிக்க வைத்துக் கொண்டு போ என்பதற்கும் அர்த்தம் உண்டு. அவ்வளவு உயரமான பெட்டி, எங்கள் ஊருக்குப் போகிற வழியில் சூளகிரி மேட்டில் லாரி ஒரு குலுக்குக் குலுக்கினால் விழும். விழுந்து நசுங்கினால் பிறகு என்ன பழுது இருந்தாலும் குற்றம் நம்முடையது. மனுசன் இரண்டு பக்கமும் வேலி போட்டுவிட்டார்.

ஆனால் என்னிடமா? லாரியில் ஏற்றும்போது மோட்டார் மேலே என் புளி மூட்டைக்குப் போடுகிற நீல அடையாளத்தைப் போட்டேன். வழியில் யாராவது மாற்றினால் தெரியும். பிறகு வைக்கோலைப் பரப்பி, ஃபிரிட்ஜை மல்லாக்கப் படுக்க வைக்கச் சொன்னேன்.

"மொதலாளி, நிக்க வச்சுத்தானே கொண்டு போவச் சொன்னாரு?" என்றார் பாய்.

"உனக்கு எவ்வளவு கமிசன் பேசியிருக்காரு?"

"அல்லா மேல சத்தியமா, ஒரு டீ கூட வாங்கிக் குடுக்கலை மொதலாளி."

படுக்க வைத்தோம். நானும் பின்னால் ஏறி அதன் மேல் கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

நேராக ஃபிளாட்டுக்குத்தானே போயிருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். இரண்டு தெரு தள்ளித்தான் அந்த ஃபிளாட்டு. அப்படிப் போக முடியாது. மகளுக்குக் கொடுக்கிற பொருள் தாய் வீட்டு வாசற்படியைத் தாண்டித்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் அது சீர் இல்லை, வெறும் சாமான். அதனால் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், காரிமங்கலம் தாண்டி எங்கள் ஊருக்கு ஃபிரிட்ஜைக் கொண்டு வந்தோம். மறுநாள் வெள்ளிக்கிழமை அதே பாதையில் திரும்பக் கொண்டு போக வேண்டும். பால் காய்ச்ச வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்திருந்தது.

வீட்டுக்குள் இறக்கினோம். மறுபடி சாய்க்கத்தானே போகிறோம் என்று படுக்கவே வைத்தோம். என் மனைவி சுற்றி வந்து பார்த்தாள்.

"என்னாங்க இது, சீக்காளியாட்டம் படுத்துக் கெடக்குது?"

"பேசாம பொட்டு வையி."

மஞ்சள் தடவி, சந்தனம் குங்குமம் வைத்து, கழுத்து எது என்று தெரியாமல் கைப்பிடியில் மல்லிகைச் சரத்தைச் சுற்றினாள். ஊரில் பாதிப் பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் பக்கத்தில் முதல் முதலாக ஃபிரிட்ஜ் சீர் கொடுத்தவன் நான்தான். வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளலாம்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பி ஓசூர் போய்ச் சேர்ந்தோம். இரண்டு மாடி ஏற்றுவதற்குள் ஆறு பேருக்கு நாக்குத் தள்ளியது. ஃபிளாட்டுக்காரர்கள் ஒவ்வொரு கதவிலும் நின்று தெலுங்கில் ஏதோ பேசிக்கொண்டார்கள். பால் பொங்கியது. மருமகன் ஒரு வாய் குடித்துவிட்டு வேலைக்கு ஓடினார். பயிற்சிக் காலத்தில் லீவு கிடையாதாம், ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுத்தான் வந்திருந்தார். போகும்போது மாமா என்று ஒரு தடவை என்னைப் பார்த்தார். அவ்வளவுதான்.

அவர் போனதும் நான் பிளக்கை எடுத்துச் சுவரில் செருகினேன். விற்றவர் ஊரில் இருக்கும்போதே ஏரில் பூட்டிப் பார்த்துவிட வேண்டும்.

கட கட கடவென்று ஒரு சத்தம். பிறகு ஒரு முனகல். பிறகு மறுபடி கட கட. ஃபிரிட்ஜ் காய்ச்சல் கண்டவன் போல நடுங்கியது. ஒரு டம்ளர் தண்ணீரை ஐஸ் அறைக்குள் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டேன். வைத்த சூட்டிலேயே இருந்தது. முதுகுப் பக்கம் போய்ப் பார்த்தேன். மோட்டார் மேல் என் நீல அடையாளம் அப்படியே இருந்தது. வழியில் யாரும் மாற்றவில்லை. அப்படியென்றால் அங்கேயே கெட்டுப் போன பொருள். நான் பார்க்க வருவதற்கு முன்னால் ஐஸ் கட்டியை உள்ளே வைத்துச் சில்லென்று ஆக்கியிருக்கிறார்கள்.

துண்டை உதறித் தோளில் போட்டேன். என் மகள் கதவு நிலையில் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"அப்பா, போவாதீங்க."

"நவுரும்மா."

"நீங்க போயி சத்தம் போட்டு, அவரு கடுதாசி எழுதாம போயிட்டா, நாங்க இந்த வூட்டைக் காலி பண்ணிக்கிட்டு மறுபடியும் மாமியார் வூட்டுக்குத்தான் போவணும். அப்ப இந்த ஃபிரிட்ஜை எங்கப்பா வைக்கிறது? மாட்டுக் கொட்டாயிலயா?"

"உங்கப்பனை ஏமாத்திட்டு ஒருத்தன் ப்ளேன் ஏறிப் போவான், நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

"ஏமாந்தா ஏமாந்துட்டுப் போறோம்ப்பா. ஒரு தடவை ஏமாந்தா என்னா?"

அவள் என் மகள்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவள் கையை விலக்கிவிட்டுப் படி இறங்கினேன்.

அதிகாரி வாசலில்தான் நின்றார். கடைசிப் பெட்டிக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். மருமகனுக்குக் கொடுத்த வாக்கு தெரு முனை வரைக்கும் எனக்கு ஞாபகம் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

"என்னாங்க, நல்ல பொருள்னு குடுத்தீங்களே, ஆட்டம் போடுது, குளுரு வரலை!"

அவர் கயிற்றைக் கீழே வைத்தார். "எப்படிக் கொண்டு போனீங்க?"

"நிக்க வச்சுத்தான்," என்றேன்.

பாய் எனக்குப் பின்னால் நின்றார். அவர் லாரி டயரைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்.

"உடனே போட்டுட்டீங்களா?"

"நேத்து எடுத்துக்கிட்டுப் போனேன், இன்னிக்குப் போட்டேன். ஒரு நாள் ஆச்சா இல்லையா?"

அவர் யோசித்தார். "அப்படின்னா என்னன்னு தெரியலையே. இங்கே நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சு. எதுக்கும் அணைச்சிட்டு, நாளைக்கு இதே நேரத்துக்கு மறுபடி போட்டுப் பாருங்க."

"நாளைக்கு இதே நேரத்துக்கு நீங்க எங்க இருப்பீங்க?"

"கிளம்பிட்டிருப்போம்..."

"அதானே பாத்தேன்!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. "காரிமங்கலம் சந்தையில ஒருத்தன் இதையேதான் சொன்னான். இன்னிக்குப் பூட்டாதே, ஒரு நாள் கட்டிப் போடுன்னு! மாடு படுத்துக்கிச்சு, ஆளைக் காணோம்!"

அந்தம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தார். "எந்த மாடு?" என்று அவர் கணவரைக் கேட்டார்.

 அதிகாரி என்னை அடிக்கவும் வரவில்லை, திட்டவும் இல்லை. அந்தம்மா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கட்டி வைத்திருந்த ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார். புடவைச் சுற்றைப் பிரித்து, அந்த மிக்ஸியை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார்.

"இதை உங்க பொண்ணுக்குக் குடுங்க. புதுக் குடித்தனம். எங்க பொருளால அந்தப் பொண்ணு கஷ்டப்பட வேணாம்."

"அங்கே மாவுக்கு என்ன பண்ணுவே?" என்றார் அதிகாரி.

"ஏதாவது பண்ணிக்கலாம்."

வாங்கிக்கொண்டேன். ஆமாம், வாங்கிக்கொண்டேன். நஷ்டத்துக்கு ஈடு வருகிறபோது வேண்டாம் என்று சொல்கிறவன் வியாபாரி இல்லை. லாரியில் ஏறி மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டேன். பாய் வண்டியை எடுத்தார். ஃபிளாட்டு வாசலில் நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"மொதலாளி, ஒண்ணு கேக்கட்டுமா? அந்தப் படுக்கை மாட்டை வித்தவரு, உங்களுக்கு மிக்ஸி குடுத்தாரா?"

"எறங்குய்யா," என்றேன்.

மேலே போனபோது ஃபிரிட்ஜின் சத்தம் நின்றிருந்தது. சரி, முழுசாகச் செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மருமகன் வந்தார். தொழிற்சாலையில் யாரோ அதற்குள் சொல்லியிருக்கிறார்கள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். மகள் சோறு போட்டு வைத்தாள். தொடவில்லை.

"அவங்க பொருள் சரியில்லை மாப்ளே. சும்மா வுட முடியுமா?" என்றேன்.

"மாமா," என்றார், தலையைத் தூக்காமல். "நீங்க ஏமாறலை. சரி. நான் என்னா ஆவேன்?"

 

சனிக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்தேன். மருமகனுக்கு நியாயம் என் பக்கம்தான் என்று காட்டிவிட வேண்டும் என்றிருந்தது. "வாங்க மாப்ளே, நீங்களே தொட்டுப் பாருங்க," என்று அவரை ஃபிரிட்ஜுக்கு முன்னால் கூப்பிட்டுக் கதவைத் திறந்தேன். நேற்று வைத்த டம்ளரை எடுத்தேன். கை ஒட்டிக்கொண்டது. தண்ணீர் மேலே கண்ணாடி போல ஒரு ஆடை. சத்தமே இல்லை. காதை வைத்துக் கேட்டால் உள்ளே தேனீ போல ஒரு முனகல்.

"நாந்தான் நேத்து நீங்க போனதும் அணைச்சிட்டேன்," என்றாள் மகள். "ஆபீசர் ஐயா சொன்னதைப் பாய் எங்கிட்ட சொல்லியிருந்தாரு, அதே மாதிரி நிக்க வுட்டேன். இன்னிக்கு விடியறதுக்கு முன்னாடி போட்டேன்."

மருமகன் டம்ளரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.  அலமாரியில் மிக்ஸி உட்கார்ந்திருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பாயைக் கூப்பிடவில்லை. அவர் முகத்தை அப்போது பார்க்கப் பிடிக்கவில்லை. இரண்டு தெருவும் நடந்தேன். நடந்தேன் என்ன, ஓடினேன். அந்த வயசிலும் நான் ஓடினால் வாலிபன் பிடிக்க முடியாது.

வாசலில் வாடகைக் கார் நின்றது. மேலே பெட்டிகளை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. இரண்டு பேரும் உள்ளே ஏறி உட்கார்ந்திருந்தார்கள். நான் மிக்ஸியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருவதை அந்தம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தார். அவர் முகம் வாடிப் போய்விட்டது.

"ஐயோ, அதுவும் ஓடலைங்களா?" என்றார்.

என் வாழ்க்கையில் என்னை எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். மொரப்பூரில் மேஸ்திரி செருப்பால் அடித்திருக்கிறான். எதுவும் உறைத்ததில்லை. இந்த வார்த்தை உறைத்தது.

"ஓடுதுங்கம்மா," என்றேன். "ரெண்டும் ஓடுது." மூச்சு வாங்கியது. அதிகாரி அந்தப் பக்கத்திலிருந்து குனிந்து பார்த்தார். அவரைப் பார்த்துச் சொன்னேன்: "படுக்க வச்சுத்தாங்க கொண்டு போனேன். எங்க ஊருக்குப் போயி, திரும்பி வந்து, எல்லாம் படுக்க வச்சுத்தான். நேத்து சொன்னது பொய்."

"உங்க ஊருக்கா? எதுக்கு?" என்றார்.

"சீருங்க. வாசப்படி தாண்டணும்."

அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. மிக்ஸியை ஜன்னல் வழியாக நீட்டினேன். பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது, வைக்க இடமில்லை. அந்தம்மா வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். முதல் நாள் நான் லாரியில் வைத்துக்கொண்டு வந்த மாதிரியே. கார் கிளம்பியது. மருமகனின் கடுதாசியைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்காகத்தான் ஓடி வந்தேன் என்று நினைப்பார். அதற்காகவா ஓடினேன்? அது எனக்கே தெளிவாகத் தெரியாது.

அந்த மாசக் கடைசி வரைக்கும் என் மகள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் கிடங்கில் உட்கார்ந்து, மருமகனுக்கு வேலை போனால் புளி வியாபாரத்தில் எந்த இடத்தில் உட்கார வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவருக்குக் குத்தூசி பிடிக்க வராது. மனுசனை நம்புகிற ஆள்.

மாசம் முடிந்ததும் மருமகன் வந்தார். கையில் இரண்டு தாள். ஒன்றில் வேலை நிரந்தரம் என்று இருந்ததாம். இன்னொன்று அந்த அதிகாரி எழுதி வைத்துவிட்டுப் போன கடுதாசியின் நகல். இங்கிலீஷ் எனக்கு வராது. படிக்கச் சொல்லிக் கேட்டேன். திறமையான ஆள், பொறுப்பான ஆள், கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தார்.

"என்னா தேதி போட்டிருக்குது?" என்றேன். எனக்கு எந்தத் தாளிலும் முதலில் தேதிதான்.

மருமகன் பார்த்துச் சொன்னார். வெள்ளிக்கிழமை. நான் போய்த் தெருவே வேடிக்கை பார்க்கச் சத்தம் போட்டேனே, அந்த வெள்ளிக்கிழமை. அன்றைக்குச் சாயங்காலம் ஆபீசுக்கு வந்து கடைசிக் கையெழுத்தெல்லாம் போட்டாராம். சனிக்கிழமை நான் ஓடிப்போய் உண்மையைச் சொன்னதற்கு முந்தின நாள். அப்போது அவர் வீட்டு மிக்ஸி என் மகள் அலமாரியில் இருந்தது.

அந்த ஃபிரிட்ஜ் ரொம்ப வருஷம் ஓடியது. வீடு மாற்றும்போதெல்லாம் நானே போய்க் கூட நின்று, நிமிர்த்தி வைத்தே கொண்டு போய், ஒரு நாள் நிக்க விட்டுத்தான் போட்டேன். அதன் முதுகில் என் நீல அடையாளம் அழியவே இல்லை. ஆனால் அந்தக் கடுதாசி விஷயம் மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. அப்படிச் சத்தம் போட்டவனுடைய மருமகனுக்கு ஒரு மனுசன் எதற்கு நல்லதாக எழுத வேண்டும்? அதில் அவருக்கு என்ன ஆதாயம்? குத்தூசியை எந்தப் பக்கம் விட்டு இழுத்துப் பார்த்தாலும் நல்ல சரக்காகவே வருகிறது. ஆதாயம் ஒன்றும் தட்டுப்படவில்லை.

ஆனால் இல்லாமல் இருக்காது.